சங்கு பிறந்த ஊர்: அப்பாவோடு ஆறு நாள்

முதல் நாள், வியாழன்: மான்செஸ்டர்

விமானத்தை விட்டு இறங்கியதும் கடிகாரத்தை மாற்றி வைக்கச் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. “இருக்கட்டும் கண்ணு. உங்கம்மா இப்ப என்ன பண்ணீட்டு இருப்பான்னு பாக்கோணுமல்ல” என்றார். அவர் கையில் இருப்பது சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. இன்று காலை தங்கை வீட்டில் ஒன்பதரைக்கு இட்லி சாப்பிட்டோம். அப்பாவின் மணிக்கட்டில் அப்போது மதியம் இரண்டு.

அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் 31 வருஷம் வேலை பார்த்தவர். 1974-இல் நூல் நிரம்பிய கண்டுகளைக் கழற்றும் டாஃபராகச் சேர்ந்தார், பிறகு நூற்பு இயந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சைடர், கடைசியில் அந்த இயந்திரத்தைப் பழுது பார்க்கும் ரிங் ஃப்ரேம் ஃபிட்டர். சிங்காநல்லூரில் நாங்கள் வளர்ந்த வீட்டில் சுவர்க்கடிகாரம் இருந்தது. ஆனால் யாரும் அதை அண்ணாந்து பார்த்ததில்லை. மில் சங்குதான் எங்கள் நேரம். முதல் சங்கு ஊதினால் அம்மா தூக்குப்போசியில் சோறு கட்டி முடித்திருக்க வேண்டும். இரண்டாவது சங்குக்கு அப்பா சைக்கிளில் தெருமுனையைத் தாண்டியிருக்க வேண்டும். நானும் தங்கையும் பள்ளிக்குக் கிளம்பியதும் அந்தச் சங்கை வைத்துத்தான். எங்கள் தெருவில் குழந்தை பிறந்த நேரத்தைக்கூட “அரை நைட் சங்கு ஊதி கொஞ்ச நேரத்துல” என்று சொல்லி ஜாதகம் எழுத வைத்தவர்கள் உண்டு.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த நாள் முதல், அசல் மான்செஸ்டரை அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கைக்கு இங்கே வேலை கிடைத்ததால் அது நடந்தது. ஆறு நாள் திட்டம். ஒவ்வொரு இரவும் அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறேன்.

இன்று பார்த்தது லிவர்பூல் சாலை ரயில் நிலையம். 1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதை திறந்தபோது மான்செஸ்டர் முனையாக இருந்தது இந்தக் கட்டடம்தான். ஊருக்கு ஊர் பயணிகளை ஏற்றிச் சென்ற ரயில் நிலையங்களில் இன்று மிஞ்சியிருப்பவற்றில் இதுவே மிகப் பழையது. இப்போது அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தின் வளாகத்துக்குள் இருக்கிறது. பார்த்தால் பெரிய வீடு மாதிரிதான் தெரியும். ரயில் நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாதே! முதல் வகுப்புக்கு ஒரு வாசல், இரண்டாம் வகுப்புக்கு வேறு வாசல் வைக்க மட்டும் தெரிந்திருந்தது.

திறப்பு விழா அன்றே ஒரு சாவு. நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் வழியில் ரயில் நின்றபோது இறங்கினார். அடுத்த தண்டவாளத்தில் வந்த ராக்கெட் என்ற எஞ்சின் அவர் மேல் ஏறிவிட்டது. ஓடி வருகிற வண்டியின் வேகத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கம் அன்றைக்கு மனிதர்களுக்கு இல்லை. குதிரை வண்டி நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட தூரத்தை ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்தது.

என்னை நிறுத்தியது முதல் வகுப்பு வாசலுக்கு மேலே இருக்கும் சூரியக் கடிகாரம். ரயில் நிலையத்துக்குச் சூரியக் கடிகாரம்! அன்றைக்கு ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர்ச் சூரியன்தான் நேரம். லிவர்பூல் மேற்கே இருப்பதால் மான்செஸ்டரைவிட ஏறக்குறைய 3 நிமிடம் பின்னால். ரயில் வந்ததால் வேகம் வந்தது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அந்த 3 நிமிடம் ஒரு சாதாரண மனிதனுக்குக் கணக்காக வந்ததும் இங்கேதான் தொடங்கியது என்பது என் எண்ணம். மாட்டு வண்டிக்கும் பரிசலுக்கும் யாராவது நிமிடம் பார்த்ததுண்டா?

உள்ளே நெசவுக் கூடத்தில் அப்பா என் கையை விட்டுவிட்டு நேராக ஓர் இயந்திரத்திடம் போனார். வார்ப்பிரும்பில் பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம் என்று எழுத்து புடைத்து நின்றது. ஓல்டாம் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய நூற்பு இயந்திரக் கம்பெனி அது. அப்பா எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். “நான் சேந்தப்ப எங்க கார்டிங்குல இதே பேரு போட்ட மிசினு கெடந்துது அம்மிணி. ஓல்டாம்னா ஓனரு பேருன்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

இரண்டாம் நாள், வெள்ளி: ஸ்டைல்

மான்செஸ்டருக்குத் தெற்கே ஸ்டைல் என்ற சிற்றூர். பொலின் என்ற ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. நம் ஊர்க் கணக்குக்கு வாய்க்கால்தான். அந்தத் தண்ணீரை நம்பி 1784-இல் சாமுவேல் கிரெக் என்ற வணிகர் குவாரி பேங்க் மில்லைக் கட்டினார். நீராவி எஞ்சின் பரவாத காலம். தண்ணீர் விழும் இடத்தில்தான் ஆலை வைக்க முடியும். அப்படிப்பட்ட இடத்தில் ஆள் இருக்காது. ஆளுக்கு என்ன செய்வது? ஊர் ஊராக இருந்த ஏழை விடுதிகளிலிருந்து பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள்.

பிள்ளைகளுக்காக 1790-இல் கட்டிய வீடு மேட்டின் மேல் அப்படியே நிற்கிறது. ஒரே சமயத்தில் 90 பேர் வரை இருந்திருக்கிறார்கள், பெண் பிள்ளைகள் அதிகம். கூட்டிப் போன அம்மாள் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். சுமார் 12 மணி நேர வேலை. அதற்கப்புறம் படிப்பு. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். கையில் வாங்கிச் சாப்பிடும் அளவுக்குக் கெட்டியான ஓட்ஸ் கஞ்சி. காய்கறித் தோட்டம் இருந்தது, பிள்ளைகளைப் பார்க்க பீட்டர் ஹாலண்ட் என்ற மருத்துவரை ஏற்படுத்தியிருந்தார்கள். அந்தக் காலத்து மற்ற ஆலைகளோடு வைத்துப் பார்த்தால் இது நல்ல இடம். அதை அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நல்ல இடமே இப்படி.

தாமஸ் பிரீஸ்ட்லி என்ற பையனின் கதையைச் சொன்னார். லண்டன் பக்கத்திலிருந்து வந்தவன். இயந்திரத்தில் மாட்டி ஒரு விரல் போய்விட்டது. காயம் ஆற ஆறு வாரம் ஆயிற்று. பிறகு 1806-இல், பதின்மூன்று வயதில், ஜோசப் செஃப்டன் என்ற இன்னொரு பையனோடு ஆலையை விட்டு ஓடினான். அம்மாவைப் பார்க்க வேண்டுமாம். லண்டன் வரை போய்விட்டார்கள். அங்கே நீதிபதிகள் முன் இருவரும் சொன்ன வாக்குமூலம் பதிவாகியிருப்பதால்தான் இந்த வீட்டின் தினசரி வாழ்க்கையே நமக்குத் தெரிகிறது. பிறகு இருவரையும் ஆலைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

“எந்த விரலுன்னு கேளு கண்ணு” என்றார் அப்பா.

கேட்டேன். இடது கை ஆள்காட்டி விரல்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இழை அறுந்தால் ஒட்டப் போவது அந்த விரலும் கட்டைவிரலும்தான். 31 வருஷத்தில் அந்த இடத்தில் அவருக்கு ஏறிய காய்ப்பு இன்னும் போகவில்லை.

கீழே மில்லில் மியூல் என்ற பழைய நூற்பு இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் கண்டுபிடித்தது. கதிர்கள் வரிசையாக இருக்கும் வண்டி முன்னால் உருண்டு வந்து இழையை நீட்டி முறுக்குகிறது, பின்னால் போய்ச் சுற்றிக்கொள்கிறது. அது முன்னும் பின்னும் போகும்போது அடியில் தவழ்ந்து கழிவுப் பஞ்சைப் பொறுக்கியெடுப்பது சின்னப் பிள்ளைகளின் வேலை. உயரம் முழங்காலளவுகூட இல்லை. அப்பா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இதுக்குள்ள கொழந்தையத்தான் உட முடியும்.”

பஞ்சு எங்கிருந்து வந்தது? அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் எடுத்த பஞ்சு. கிரெக் குடும்பத்துக்கே டொமினிகா தீவில் அடிமைகள் உழைத்த தோட்டம் இருந்தது. அருங்காட்சியகம் அதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. சட்டை விலை குறைந்து ஏழைக்கும் மாற்றுத் துணி கிடைத்தது நிஜம். வாரம் ஒருமுறை துவைத்துக் கட்ட முடிந்தது, நோய் குறைந்தது. அந்தத் துணி யார் யாரைத் தொட்டு வந்தது என்பதும் நிஜம். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நேரத்தைப் பற்றி இன்று கேட்டது ஒன்றை எழுதாமல் தூங்க முடியாது. பக்கத்து ஊரான மேக்கிள்ஸ்ஃபீல்டில் ஒரு பட்டு ஆலையில் 1810 வாக்கில் இரண்டு முகம் வைத்த ஆளுயரக் கடிகாரம் இருந்ததாம். ஒரு முகத்தில் வழக்கமான நேரம். இன்னொரு முகம் ஆலையின் நீர்ச்சக்கரத்தோடு இணைந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்து சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அந்த ஆலை நேரமும் மெதுவாக நகரும். அந்த முகத்தில் மணி ஆனால்தான் வேலை முடியும். மழை பெய்யாததற்கும் தொழிலாளி தன் சாயங்காலத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

1832-இல் ஆலைப் பிள்ளைகளின் நிலையை விசாரித்த நாடாளுமன்றக் குழு முன், ஆலைக்குள் முதலாளியைத் தவிர வேறு யாரிடமும் கடிகாரம் இருக்கக் கூடாது என்ற வழக்கத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். சக தொழிலாளிகளுக்கு மணி என்ன என்று சொன்னதற்காக ஒருவரின் கடிகாரமே பிடுங்கப்பட்டதாம். அதற்கடுத்த வருஷம் வந்த சட்டம் 9 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பட்டு ஆலை தவிர மற்ற நூற்பு, நெசவு ஆலைகளில் சேர்க்கக் கூடாது என்றது, 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்று வரம்பு வைத்தது, நாடு முழுவதற்கும் 4 ஆய்வாளர்களை நியமித்தது. நாலே நாலு பேர். ஆனாலும் அந்த நாலு பேருக்கு நான் நன்றி சொல்வேன். இன்னொருவர் நேரத்தைத் திருடுவது குற்றம் என்று அரசாங்கம் ஆளை வைத்துச் சொன்னது அப்போதுதான்.

மூன்றாம் நாள், சனி: பர்ன்லி

இந்தப் பயணத்தில் நான் பார்க்க விரும்பிய இடம் இதுதான். அதனால் நீளமாக எழுதுவேன்.

பர்ன்லி நகரத்துக்கு வெளியே ஹார்ல் சைக் என்ற ஊர். மாப்பிள்ளை காரில் கூட்டிப் போனார். மேட்டில் ஏறும்போதே புகைபோக்கி தெரிந்தது. குவீன் ஸ்ட்ரீட் மில், 1894-இல் கட்டியது. ஊர்க்காரர்கள் பங்கு போட்டுத் தொடங்கிய ஆலை, தொழிலாளிகளே பலர் பங்குதாரர்கள். 1982 வரை நீராவியிலேயே ஓடியிருக்கிறது. இப்போது அருங்காட்சியகம். எஞ்சினுக்கு ஒரு பெயர் உண்டு: பீஸ். அமைதி என்று பொருள். முதலில் புரூடென்ஸ் என்ற பெயர் இருந்ததாம், முதல் உலகப்போர் முடிந்த பிறகு மாற்றினார்களாம்.

500 குதிரைத்திறன். பித்தளைப் பாகங்கள் தங்கம் மாதிரித் துலக்கப்பட்டிருந்தன. எண்ணெய் வாசம். பெரிய சக்கரம் ஓசையில்லாமல் சுற்ற ஆரம்பித்ததும் அப்பா செருப்பைக் கழற்றப் போனார். நான் பார்த்துவிட்டேன். அவரே சுதாரித்துக்கொண்டு நின்றார். எங்கள் மில்லில் ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். ஃப்ரேமுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. பொரியும் கடலையும் கை நிறைய. சத்தமில்லாத மிசினை அன்று ஒருநாள்தான் நாங்கள் பார்ப்போம். அப்பாவுக்கு அந்த ஞாபகமாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த கூடத்துக்குப் போனோம். முந்நூறுக்கு மேற்பட்ட தறிகள். கூரையில் கம்பிக்கடை போல நீண்ட தண்டுகள், ஒவ்வொரு தறிக்கும் இறங்கி வரும் தோல் பட்டைகள். அந்த ஒரே எஞ்சின், தண்டு வழியாக, பட்டை வழியாக, எல்லாத் தறியையும் ஓட்டுகிறது. நமக்காகச் சிலவற்றை மட்டும் ஓட்டினார்கள். அதுவே நெஞ்சுக்கூட்டுக்குள் இடித்தது. முந்நூறும் ஓடினால்?

எல்லாம் எனக்கு விளங்கிய இடம் இதுதான். தாத்தா சிறுமுகையில் குழித்தறி நெய்தவர். காலையில் எத்தனை மணிக்குத் தறியில் இறங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சந்தைக்குப் போக வேண்டுமென்றால் எழுந்து போவார், ராத்திரி விளக்கு வைத்துச் சேர்த்து நெய்வார். இங்கிலாந்திலும் கைத்தறிக்காரர்கள் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். திங்கட்கிழமையைப் புனிதத் திங்கள் என்று செல்லமாகச் சொல்லி வேலையைத் தொடாமல் இருந்துவிட்டு, வாரக் கடைசியில் விடிய விடிய நெய்து முடிப்பார்கள். நிலக்கரி எரிகிற எஞ்சினுக்கு அது கட்டுப்படியாகாது. ஒரு தறிக்காகவும் அது ஓட வேண்டும், முந்நூறு தறிக்காகவும் ஓட வேண்டும், எரிகிற கரி ஏறக்குறைய எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே முந்நூறு பேரும் ஒரே நொடியில் தயாராக நிற்க வேண்டும். ஊருக்கே ஒரு நேரம் வேண்டும் என்ற கட்டாயம் இந்தத் தண்டிலிருந்து, இந்தத் தோல் பட்டையிலிருந்து இறங்கி வந்திருக்கிறது.

வெளியே வந்ததும் இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“உங்க தாத்தன் நெனச்சா தறியை உட்டு எந்திரிச்சு வருவாரு. நான் நெனச்சா முடியாது. எங்கய்யன் செத்த சேதி வந்தப்பக்கூட ஷிப்ட்டு முடிஞ்சுதான் வந்தேன். சைடை யாருகிட்ட உட்டுட்டு வாரது?”

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாகத் தெரியாது.

மாப்பிள்ளை எங்கள் இருவருக்கும் டீ வாங்கி வந்தார். ஈரக் காற்று. லங்காஷயரில் பருத்தித் தொழில் வேரூன்றியதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம், காற்று காய்ந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படியோ அப்படி. அதோடு கரியும் ஆறும். நமக்குக் கரி இல்லை. 1888-இல் கோவையில் முதல் மில் வந்தாலும், 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் மில்கள் வரிசையாக எழும்பின.

காட்டிக்கொடுத்த பெரியவர் இந்த ஊர்க்காரர். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் நெசவுப் பெண்கள் வாயை அகல அசைத்து உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். அதற்கு மீ-மா என்று பெயர். சாலையின் அந்தப் பக்கம் நிற்பவரிடம் சத்தமில்லாமல் ஒரு குடும்பக் கதையையே சொல்லி முடிப்பார்களாம். அப்பா உடனே கையைத் தூக்கி, இரண்டு விரலை மடக்கி, தோளைத் தட்டிக் காட்டினார். “மேஸ்திரி வாராரு” என்று அர்த்தமாம், எங்கள் மில் பாஷையில். பெரியவர் சிரித்தார். இருவருக்கும் இடது காது மந்தம். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாவிட்டாலும் அரை மணி நேரம் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் மாப்பிள்ளையும் தள்ளி நின்றோம்.

தறியில் குறுக்கே ஓடி ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை முத்தமிடுவது என்று ஒன்று காட்டினார். நாடாவில் புதிய நூல்தார் வைத்ததும் அதன் நுனி பக்கத்தில் உள்ள சிறு துளை வழியாக வெளியே வர வேண்டும். கையால் கோக்க நேரமாகும். அதனால் துளையில் வாயை வைத்து உறிஞ்சுவார்கள். ஒரே நாடா பல வாய்க்குப் போகும். பல் போகும், நோய் ஒட்டும், நூலில் இருக்கும் பசையும் எண்ணெயும் தூசியும் உள்ளே போகும். சில விநாடி மிச்சம் பிடிப்பதற்காக.

விடியற்காலையில் இவர்களை எழுப்பி விடுவதற்கென்றே ஆள் இருந்தார். நுனியில் கம்பி கட்டிய நீளக் கழியால் மாடி ஜன்னலைத் தட்டுவார். வீட்டுக்கு வாரம் சில பென்னி கூலி. அலாரக் கடிகாரம் விலை குறைந்து எல்லோர் வீட்டுக்கும் வரும்வரை இந்தத் தொழில் நடந்திருக்கிறது.

சந்தோஷமான செய்தி ஒன்றும் உண்டு. வருஷத்தில் ஒரு வாரம் ஊரின் எல்லா ஆலைகளும் ஒரே சேர மூடும். பர்ன்லிக்கு அது ஜூலையில். வேக்ஸ் வாரம் என்பார்கள். புகைபோக்கிகள் அணைந்து வானம் தெளிய, ஊரே ரயிலேறிப் பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். எல்லோரையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட அதே நேரம்தான் எல்லோரையும் ஒன்றாக அவிழ்த்தும் விட்டது. கடலைப் பார்க்கத் தொழிலாளிக்கு ரயில் வேண்டியிருந்தது.

நான்காம் நாள், ஞாயிறு: சால்ஃபர்ட்

இன்று ஓய்வு. மாலையில் மட்டும் நடந்தோம்.

மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபர்டில் பிலிப்ஸ் அண்ட் லீ பருத்தி ஆலைக்கு 1805 முதல் வில்லியம் முர்டாக் நிலக்கரி வாயு விளக்கு பொருத்தினார். 1808-இல் ராயல் சொசைட்டிக்கு அவர் கொடுத்த கட்டுரையில் கணக்கு இருக்கிறது: 904 சுடர்கள், 2,500 மெழுகுவர்த்திக்குச் சமமான வெளிச்சம். வர்த்தி ஏற்றினால் வருஷத்துக்கு 2,000 பவுண்டு, வாயுவுக்கு 600 பவுண்டு. ஆலைக்காக எரிந்த வாயு வெளியே வந்து தெருவுக்கும் விளக்கானது. இருட்டில் நடக்கப் பயந்தவர்கள் நடந்தார்கள். மாலையில் படிக்க முடிந்தது, கடை திறந்திருந்தது. ஆனால் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் இந்த ஊரில், இருட்டு கொடுத்துவந்த விடுமுறையும் அதோடு போனது. அப்பா முழு நைட் ஷிப்ட் பார்த்த வாரங்களில் பகலில் எங்களைச் சத்தம் போடாமல் விளையாடச் சொல்லுவார் அம்மா. அதன் தொடக்கம் இந்தத் தெருவில்.

திரும்பும் வழியில் மான்செஸ்டர் நடுவே ஆபிரகாம் லிங்கன் சிலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பஞ்சு வரவு நின்று லங்காஷயரே பட்டினி கிடந்தது. அப்படியிருந்தும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் தொழிலாளிகள் கூடி, அடிமை முறைக்கு எதிராக லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் எழுதினார்கள். அவர் எழுதிய பதிலிலிருந்து சில வரிகள் சிலையின் பீடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஸ்டைலில் கனத்த மனசு இங்கே கொஞ்சம் இளகியது.

ஐந்தாம் நாள், திங்கள்: பிரிஸ்டல்

மான்செஸ்டர் பிக்காடிலியிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். தங்கை கண் கலங்கினாள். நாளை இரவு நானும் அப்பாவும் லண்டனிலிருந்து கிளம்புகிறோம்.

கார்ன் தெருவில் வணிகர்கள் கூடிய பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடம். அதன் நெற்றியில் ஒரு கடிகாரம். வெறும் கடிகாரம்தான், அண்ணாந்து பார்க்கும்வரை. இரண்டு நிமிட முள்! ஒன்று லண்டனின் கிரீன்விச் நேரம், இன்னொன்று பிரிஸ்டல் நேரம். பத்து நிமிட இடைவெளியில் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. பிரிஸ்டல் லண்டனுக்கு மேற்கே இருப்பதால் இங்கே உச்சி வெயில் பத்து நிமிடம் தாமதம்.

கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840-இலேயே தன் நிலையங்களில் லண்டன் நேரத்தை வைத்தது. ஊர்க்காரர்கள் தங்கள் சூரியனை விடவில்லை. கோயில் மணி ஒரு நேரம், ரயில் ஒரு நேரம். பத்து மணி ரயிலைப் பிடிக்க வந்தவன் ஊர்ப்படி பத்துக்குப் போனால் வண்டி போய்விட்டிருக்கும். அதனால்தான் இரண்டாவது முள். 1852-இல் தான் நகரம் கிரீன்விச் நேரத்தை ஏற்றுக்கொண்டது. பழைய நேரத்தின் முள்ளும் இன்று அதே முகத்தில் இருக்கிறது. அதற்காகவே இந்த ஊரை எனக்குப் பிடித்துவிட்டது.

இது நீதிமன்றம் வரை போன விஷயம். 1858-இல் டார்செஸ்டரில் ஒரு வழக்கு பத்து மணிக்கு. நீதிமன்றக் கடிகாரத்தில் பத்து தாண்டியதும், எதிர்த்தரப்பு வரவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் நீதிபதி. எதிர்த்தரப்பு ஊர்க் கடிகாரப்படி சரியான நேரத்துக்கு வந்து நின்றது. மேல்முறையீட்டில், சட்டப்படி பத்து மணி என்றால் அந்தந்த ஊரின் பத்து மணிதான் என்று சொல்லிவிட்டார்கள். 1880-இல் நாடாளுமன்றம் சட்டம் போடும்வரை அதுதான் நிலை.

அப்பா எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே நின்று தன் கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். “கோயமுத்தூருக்கும் மெட்ராசுக்கும் இப்படி எவ்வளவு இருக்கும் கண்ணு?” தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டேன். 13 நிமிடம். “பதிமூணு நிமிசமா” என்று ஏதோ கைவிட்டுப் போன பொருளைக் கேட்பதுபோலக் கேட்டார்.

ஆறாம் நாள், செவ்வாய்: கிரீன்விச்

கிரீன்விச் வானாய்வகத்துக்கு மலையேற்றம் அப்பாவின் முழங்காலுக்குச் சிரமமாக இருந்தது. நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறினோம்.

வாசல் சுவரில் ஷெப்பர்டு கடிகாரம், 1852-இல் வைத்தது. 24 மணி முகம். கோடையில் இந்த நாடே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டாலும் இது மட்டும் கிரீன்விச் நேரத்திலேயே நிற்கும். அதே 1852-இல் இங்கிருந்து தந்திக் கம்பி வழியாக நேரத்தை அனுப்பத் தொடங்கினார்கள். ரயில், தந்தி, கடிகாரம் மூன்றும் பின்னிக்கொண்ட வருஷங்கள் அவை.

கம்பி வந்த பிறகும் நேரத்தைக் கையில் எடுத்துப் போய் விற்ற ஒரு பெண்ணைப் பற்றி இங்கே தெரிந்துகொண்டேன். ரூத் பெல்வில். அவர் அப்பா 1836-இல் தொடங்கிய தொழில். வானாய்வகத்துக்கு வந்து துல்லியமான ஒரு கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, லண்டனில் கடிகாரக் கடைகளுக்குப் போய் அதைக் காட்டுவது. அவர்கள் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு சந்தா கொடுப்பார்கள். அப்பாவுக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு மகள். அந்தக் கடிகாரத்துக்கு ஆர்னால்ட் என்று பெயர், செய்தவர் பெயரே. 1940 வாக்கில், முதுமையில்தான் நிறுத்தினார்.

நம் கதையும் இந்த மலையோடு சேர்ந்தது. சென்னையில் 1792-இல் கட்டிய வானாய்வகத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கிறது. தமிழிலும் எழுத்துப் பொறித்த தூண். அங்கிருந்து கணித்த மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்து ஐந்தரை மணி ஆயிற்று. 13 நிமிடத்தை நினைத்து நேற்று வருந்திய அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப மெட்ராசும் உட்டுக் குடுத்துருக்குதா” என்று கொஞ்சம் ஆறுதலடைந்தார்.

கூரை உச்சியில் ஒரு கம்பத்தில் சிவப்புப் பந்து. 1833 முதல் தேம்ஸ் நதியில் நிற்கும் கப்பல்கள் பார்த்து நேரம் வைத்துக்கொள்வதற்காக இறக்கப்படுவது. 12:55-க்குப் பாதி உயரம் ஏறியது. 12:58-க்கு உச்சி. முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். அப்பா மட்டும் எச்.எம்.டி.யின் குமிழை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னங்கப்பா பண்றீங்க?”

“தெனம் காத்தால மொதச் சங்குக்கு இப்படித்தான் புடிச்சுட்டு நிப்பேன். மில்லு மூடுனதுக்கப்புறம் எதுக்கு வெக்கறதுன்னே தெரியல.”

பந்து விழுந்தது. அப்பா குமிழை அழுத்தினார். நொடியை மட்டும் கிரீன்விச்சுக்குச் சரியாக வைத்திருந்தார், முட்கள் ஐந்தரையில், கோவையிலேயே நின்றன. காதருகே வைத்து ஓடுகிறதா என்று கேட்டார், வலது காதில்.

“அம்மாவுக்குப் போனைப் போடு கண்ணு. அங்க அஞ்சரை. டீ வெச்சிருப்பா.”